விளம்பரத்தை நிறுத்தப் போய் பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இளம்பிள்ளைச் சேலை:

வணக்கம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் வீட்டில் வைத்தே சேலை விற்கிறேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓடும். பார்க்கிறவர்கள் அதைத் தொட்டால் நேராக என் வாட்ஸாப்புக்கு வந்துவிடுவார்கள். படம் அனுப்புவது, விலை சொல்வது, பார்சல் கட்டுவது, இதுதான் வேலை.

2023 தீபாவளி நவம்பர் 12. அதற்கு எட்டு நாள் முன்பே மயில்கழுத்துக் கலர் சேலை தீர்ந்துவிட்டது. தறிக்காரரைக் கேட்டால், பண்டிகை முடிந்துதான் என்று சொல்லிவிட்டார். சரி, விளம்பரத்தை நிறுத்திவிடலாம் என்று இரவு பதினொரு மணிக்குப் போனை எடுத்தேன். மயில்கழுத்துச் சேலைப் படம் இருந்த வரியில் நீலப் பொத்தானைத் தள்ளினேன். சாம்பல் நிறமானது. படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வாட்ஸாப்பில் 31 பேர். பாதிக்கு மேல் மயில்கழுத்துதான் கேட்டார்கள். நேற்றுப் பார்த்தவர்கள் இன்று கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் சந்தேகம் வந்து திறந்து பார்த்தேன். அதே சேலையைக் கட்டிக்காட்டிய இரண்டு வீடியோக்கள் தனி விளம்பரங்களாக ஓடிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தியது படத்தை மட்டும்தான். ஒரு நாளைக்கு 600 ரூபாய் பட்ஜெட் அந்த மூன்றுக்கும் பொதுவாக, ஆட் செட் என்ற தொகுப்பில் இருந்தது. ஒன்றை நிறுத்தியதும் அதன் பங்கு மற்ற இரண்டுக்கும் போய்விட்டது. மூன்று நாளில் 1,800 ரூபாய்.

பணம் போனதைவிட, இல்லைங்க, தீர்ந்துடுச்சுங்க என்று ஒவ்வொருவருக்கும் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு அம்மா மகளின் தலைதீபாவளிக்கு அந்தக் கலர்தான் வேண்டும் என்று நான்கு தடவை கேட்டார். விளம்பரம் இன்னும் ஓடுதே, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்கிறீர்கள் என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்போது புரிந்ததைச் சொல்கிறேன். மேலே மொத்த ஏற்பாடாகக் கேம்பெயின், அதற்குள் தொகுப்பாக ஆட் செட், அதற்குள் தனித்தனி விளம்பரமாக ஆட். மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு. எல்லாம் நிற்க வேண்டுமென்றால் கேம்பெயின் பொத்தானை அணைக்க வேண்டும். கீழே ஒன்றை மட்டும் அணைத்தால் மீதி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கொடைக்கானல் காட்டேஜ்:

அக்கா, எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். நிறுத்தியது சரியாக நின்றது. திரும்பத் தொடங்கியபோதுதான் சிக்கல்.

2024 ஏப்ரல் 25 முதல் மே 24 வரை முப்பது நாளைக்கு மொத்த பட்ஜெட்டாக 15,000 ரூபாய் வைத்தேன். நாளுக்கு ஏறக்குறைய 500. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 7-ம் தேதி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. யார் வரலாம், பாஸ் எப்படிக் கிடைக்கும் என்று எல்லாரும் போன் போட்டு அதையே கேட்டார்கள். கொஞ்சம் தெளியட்டும் என்று கேம்பெயினை நிறுத்தினேன். அதுவரை 6,000 செலவு.

பத்து நாள் கழித்து, மே 17-ம் தேதி மறுபடி ஆன் செய்தேன். முடிவுத் தேதியை மாற்றத் தோன்றவில்லை. மீதி 9,000 ரூபாயை மீதி எட்டு நாளில் செலவழிக்கத் தொடங்கியது. நாளுக்கு ஆயிரத்துக்கு மேல். என்னிடம் இருப்பதே நான்கு அறை. நிரம்பிய பிறகும் விசாரணை வந்துகொண்டே இருந்தது, அதற்கும் காசு போனது.

மொத்த பட்ஜெட் வைத்திருப்பவர்கள் நிறுத்தித் தொடங்கும்போது முடிவுத் தேதியைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் தொகையைக் குறையுங்கள். இன்னொன்று, மெட்டாவில், அதாவது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில், ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்திவைத்தால், யாருக்குக் காட்டலாம் என்று அது கற்றுக்கொள்ளும் கட்டம் முதலிலிருந்து தொடங்கும். எனக்கு முதல் மூன்று நாள் வந்த விசாரணையில் பாதி பொருத்தமே இல்லாதவை.

வேளச்சேரி மாவு:

நான் எழுதுவது நிறுத்தவே முடியாமல் போன கதை.

இட்லி மாவு அரைத்து வீடுகளுக்குக் கொடுக்கிறோம். கூகுளில் தேடுகிறவர்களுக்கு எங்கள் விளம்பரம் வரும், தொட்டால் நேராக என் போனுக்கு அழைப்பு. 2023 டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 4-ம் தேதி காலையில் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். கிரைண்டர் மூன்றும் தண்ணீரில். மின்சாரம் இல்லை. மதியத்துக்குள் போனும் செத்துவிட்டது.

அந்த நேரம் ஊரில் எந்தக் கடையும் திறக்கவில்லை. பால், பிரெட், மாவு எதற்கும் அவ்வளவு தேடல். எங்கள் விளம்பரம் மட்டும் சமர்த்தாக ஓடியிருக்கிறது. தொட்டவர்களுக்கு என் போன் ஸ்விட்ச் ஆஃப். தொட்ட ஒவ்வொன்றுக்கும் காசு. மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் போனைச் சார்ஜ் போட்டு, மொட்டை மாடியில் நின்று சிக்னல் பிடித்து நிறுத்தினேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள்கூட அந்த இரண்டு நாளில் எங்களை அழைத்துப் பார்த்திருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

தம்பி திருப்பூரில் இருக்கிறான். அங்கே கரண்டும் இருந்தது, நெட்டும் இருந்தது. அவனிடம் அனுமதி இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. வெள்ளம் வடிந்ததும் முதலில் அவனைக் கணக்கில் சேர்த்தேன். என் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை, அவன் மின்னஞ்சலுக்கே ஸ்டாண்டர்ட் அனுமதி கொடுத்தேன். கேம்பெயினை நிறுத்தவும் தொடங்கவும் அது போதும். கூடவே காலை 6 முதல் இரவு 8 வரை மட்டும் ஓடும்படி நேரமும் குறித்துவிட்டேன். வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒருவரை இப்படிச் சேர்த்து வையுங்கள், தயவுசெய்து.

தாராபுரம் ஸ்டீல் பாத்திரம்:

இவ்வளவு எதற்கு? கார்டை பிளாக் செய்துவிட்டால் தானாக நின்றுவிடாதா? நான் அப்படித்தான் செய்தேன்.

கணக்கு பார்ப்பவன்:

அண்ணா, அதை மட்டும் செய்யாதீர்கள். ஒன்பது வருடமாகச் சின்னக் கடைகளுக்கு இந்த வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கூகுளில் தானாகப் பணம் எடுக்கும் முறையில், விளம்பரம் முதலில் ஓடும், பணம் பிறகுதான் எடுக்கப்படும். ஒரு வரம்புத் தொகையைத் தொட்டாலோ மாதத்தின் 1-ம் தேதி வந்தாலோ கார்டில் கேட்பார்கள். கார்டை பிளாக் செய்தால் ஏற்கெனவே ஓடியதற்கான தொகை பாக்கியாக நிற்கும். பாக்கி கட்டும்வரை கணக்கே முடங்கும். இதே காரணத்தால்தான் 20-ம் தேதி நிறுத்தியவர்களுக்கும் அடுத்த மாதம் 1-ம் தேதி ஒரு பில் வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் என்னிடம் வருவார்கள். தேதி வாரியாகச் செலவைத் திறந்து காட்டினால், நிறுத்திய பிறகு ஒரு ரூபாய்கூட ஓடியிருக்காது.

கூகுளில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு 500 என்று வைத்தால் அது சராசரிதான். ஒரே நாளில் 1,000 வரை போகலாம். மாதக் கணக்கில் 500-ஐ 30.4-ஆல் பெருக்கிய 15,200-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு. மாதம் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. நான்கு நாள் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவர் 2,000 ரூபாய்தான் ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பார், பில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

அப்புறம், கூகுளில் பாஸ் (Pause, தற்காலிகமாக நிறுத்துவது) வேறு, ரிமூவ் (Remove, நீக்குவது) வேறு. பாஸ் போட்டதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஓட்டலாம். ரிமூவ் செய்ததைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது, பழைய கணக்குகளை மட்டும் பார்க்கலாம். கோபத்தில் ரிமூவ் அழுத்திவிட்டு அடுத்த சீசனுக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதியவர்கள் எனக்குத் தெரிந்து நான்கு பேர்.

ஒரேயடியாக வேண்டாம் என்றால் கணக்கையே ரத்து செய்யலாம். அட்மின் பகுதியில் கணக்கின் நிலை என்ற இடத்தில் இருக்கும். ஓடுகிற விளம்பரம் நிற்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், முதலில் கேம்பெயின்களை பாஸ் போட்டுவிட்டு ரத்து செய்வது என் வழக்கம். முன்பணம் கட்டியிருந்தால் மீதி திரும்பி வரும், உடனே வராது. சலுகையாகக் கொடுத்த கிரெடிட் வராது. முன்பணம் 1,000 கட்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. போக விளம்பரத்துக்கு 847 ரூபாய் சொச்சம்தான் நிற்கும், மீதியைக் கணக்கிடும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

தாராபுரம் ஸ்டீல் பாத்திரம்:

நன்றி தம்பி. போன மாதம் வந்த மின்னஞ்சல் இதுதான் என்று இப்போது புரிகிறது. பாக்கி 2,340 காட்டுகிறது. இன்றே கட்டிவிடுகிறேன்.

மதுரை டியூஷன்:

நிறுத்தும் பொத்தானே என் கையில் இல்லாமல் இருந்தது. பெயர் வேண்டாம், கூகுள் விளம்பரத்தை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தேன். மாதாமாதம் அவர்களுக்குப் பணம் அனுப்புவேன், அவர்கள் ரிப்போர்ட் அனுப்புவார்கள். ஜூன் இரண்டாம் வாரத்திலேயே பத்தாம் வகுப்புக்கு இடம் நிரம்பிவிட்டது. நிறுத்தச் சொன்னேன். பார்க்கிறோம் சார் என்றார்கள். ஒரு வாரம் கழித்து என் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் என் விளம்பரத்தைக் காட்டினார்.

கணக்கைக் கொடுங்கள், நானே நிறுத்துகிறேன் என்றேன். கணக்கு அவர்கள் பெயரில் இருந்தது. இரண்டு வருடமாக எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதற்குள்தான். கடைசிவரை கிடைக்கவில்லை. பணம் அனுப்புவதை நிறுத்தினேன், முன்பணம் தீர்ந்ததும் விளம்பரம் நின்றது. அவ்வளவு நாளும் இடமில்லை என்று சொல்லிப் பெற்றோர்களைத் திருப்பி அனுப்பினேன்.

இப்போது கணக்கு என் மின்னஞ்சலில். பத்து இலக்க எண் ஒன்று கணக்கின் மேல் மூலையில் இருக்கும். புதிதாக வேலை பார்க்கிறவரிடம் அந்த எண்ணைத்தான் கொடுத்தேன். அவர் தன் மேனேஜர் கணக்கிலிருந்து (பலருடைய கணக்குகளை ஒரே இடத்தில் பார்க்கும் கணக்கு) இணைத்துக்கொண்டார். அட்மின் நான். இணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

காங்கேயம் செக்கு:

நான் நிறுத்தியது நல்லதாகவே முடிந்தது, அதையும் எழுதுகிறேன். எங்கள் எண்ணெய்க் கடைப் பெயரைத் தேடினால் கூகுளில் எங்கள் விளம்பரம் முதலில் வரும், அதற்குக் கீழே எங்கள் தளமே வரும். கடைப் பெயரையே தேடுகிறவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்துவிடுவாரே என்று தோன்றியது. அந்த ஒரு கேம்பெயினை மட்டும் இரண்டு வாரம் பாஸ் போட்டேன். ஆர்டர் குறையவில்லை.

ஈபே என்ற ஆன்லைன் விற்பனைத் தளம் 2012 மார்ச்சில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் மூவரும் எழுதிய ஆய்வு 2015-ல் வெளியானது. யாஹூ, எம்எஸ்என் தேடலில் ஈபே என்ற பெயருக்கான விளம்பரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியதால் விளம்பரம் வழியாக வராமல் போன கிளிக்கில் 99.5 சதவீதம் காசில்லாத தேடல் முடிவு வழியாகவே வந்துவிட்டது. ஈபே பெயர் உலகத்துக்கே தெரியும், நம் கதை வேறு. உங்கள் கடைப் பெயருக்குப் போட்டிக் கடைக்காரர் விளம்பரம் போடுகிறாரா என்று நிறுத்திய நாள்களில் தினமும் தேடிப் பாருங்கள். எனக்கு யாரும் போடவில்லை.

இளம்பிள்ளைச் சேலை:

எல்லாவற்றையும் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். மாவு அக்கா எழுதியதைப் படித்ததும் ஈரோட்டில் படிக்கும் மகளை என் கணக்கில் சேர்த்துவிட்டேன். சோதித்துப் பார்க்க, ஓடிக்கொண்டிருந்த கேம்பெயினை அங்கிருந்து நிறுத்தச் சொன்னேன். அரை நிமிடத்தில் என் போனில் சாம்பல் நிறமானது. கீழே திறந்து மூன்று விளம்பரத்தையும் பார்த்தேன், மூன்றும் நின்றிருந்தன. அம்மா, திரும்ப ஆன் செய்யவா என்று கேட்டாள். ராமர் பச்சைச் சேலை பதினாறு இருக்கிறது, செய் என்றேன்.