நாலு, ஆறு பிஸ்டன் காலிப்பரில் பேட் மாற்றும்போது கண்டவை

கார் டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் கவ்வுவது காலிப்பர்; இந்த வகையில் பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் இருபுறமும் இருக்கும். பேட் கழற்றுவது இதில் சுலபம். பெரும்பாலான மாடல்களில் காலிப்பரை அவிழ்க்கவே வேண்டாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, வீலைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் பின்கள் (ஊசிகள்) இரண்டையும் தட்டி எடுத்து, தகடு ஸ்பிரிங்கை விடுவித்தால் பேட் மேல்வழியாக வந்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போதுதான் சிக்கல் தொடங்கும். எல்லாப் பிஸ்டனும் ஒரே பிரேக் ஆயிலில் இணைந்தவை. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று வெளியே வரும். இரண்டு பேடையும் சேர்த்து உருவிவிட்டுத் தள்ளினால் இந்த ஆட்டம் முடியவே முடியாது, எதிர்ப்பக்கப் பிஸ்டன் தன்னைச் சுற்றியுள்ள ரப்பர் சீலைவிட்டு வெளியேறி ஆயில் ஒழுகவும் வாய்ப்புண்டு.

பழைய பேட் உள்ளே இருக்கும்போதே, டிஸ்குக்கும் உள்பக்கப் பேடுக்கும் நடுவே அகலமான பட்டையைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். அந்தப் பக்கத்துப் பிஸ்டன்கள் சேர்ந்து உள்ளே போகும். அந்தப் பேடை உருவி, புதியதைப் போட்ட பிறகே வெளிப்பக்கத்துக்குப் போகவேண்டும்.

*

தள்ளுவதற்கு முன் பிஸ்டனைச் சுத்தம் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கருந்தூள் கெட்டியாக ஒட்டியிருக்கும். அதோடு அமுக்கினால் தூள் சீலுக்குள் போய், பிஸ்டன் இறுகும். சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். பெட்ரோல், டீசல், சாதாரண கிரீஸ் எதுவும் கூடாது, சீல் ரப்பர் ஊதிவிடும்.

கழற்றிய பேடைக் கட்டாயம் பாருங்கள். ஒரே பேடின் ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது பேடே காலிப்பர் பள்ளத்தில் சிக்கியிருக்கலாம். சோதிக்க, ஒரு பக்கப் பேடை மட்டும் எடுத்துவிட்டு பெடலை மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். சில மில்லிமீட்டர் போதும். நகரும் பிஸ்டனை மரத்துண்டால் தடுத்துப் பிடித்தால், நகராதது வெளியே வரும். அதைத் துடைத்து, பிரேக் ஆயில் தடவி, உள்ளேயும் வெளியேயும் சிலமுறை நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் சீல் கிட் (புது ரப்பர் சீல்கள்) போடும் வேலை.

*

மேலே சொன்னதோடு பிரேக் ஆயில் டப்பாவையும் கவனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பிஸ்டன் உள்ளே போகும்போது திரும்பி வரும் ஆயில் அதிகம். இடையில் யாராவது டப்பாவை நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிவிட்டுத் தொடங்குங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

என் விருப்பம், நிப்பிளில் (காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் சிறு திருகில்) குழாய் மாட்டி, அதைத் திறந்து பிஸ்டனைத் தள்ளுவது. காலிப்பருக்குள் தங்கிய அழுக்கு ஆயில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் போகாது. பிஸ்டனை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் காற்று ஏறிவிடும்.

*

பேடைப் பிடித்திருக்கும் பின் கழன்று வராவிட்டால், தட்டும் திசையைச் சரிபாருங்கள். பல காலிப்பர்களில் வெளியிலிருந்து உட்பக்கமாகத்தான் தட்டவேண்டும். துருப்பிடித்த பின்னையும், நுனி உரசிய, பேட் தேய்மானம் காட்டும் சென்சாரையும் மறுபடி போடாதீர்கள். காலிப்பரின் இரண்டு பாதிகளை இணைக்கும் போல்ட்டைத் தொடவே கூடாது.

டிஸ்கின் தடிமனை அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால் புதுப் பேட் வீண்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். பிறகு காலியான சாலையில் 50 கிமீ வேகத்திலிருந்து 10-க்கு, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து முறை மிதமாகப் பிடியுங்கள். சூடான பேடோடு பெடலை மிதித்தபடி நிறுத்தினால் அந்த இடத்தில் பேட் பொருள் டிஸ்கில் அப்பிக்கொண்டு, பின்னால் ஸ்டீயரிங் உதறும்.