ஹீட் டெத்: ‘வெப்பச் சாவு’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

நம் கலைச்சொல் தொகுப்புக்காக ஒரு சொல். அண்டத்தின் முடிவைப் பற்றி எழுதும்போது ஹீட் டெத் (heat death) என்பதை ‘வெப்பச் சாவு’ என்றே பெயர்த்து வருகிறோம். இதை மாற்றியே ஆகவேண்டும். தொகையை விரித்துப் பாருங்கள், ‘வெப்பத்தால் சாவு’ என்று மூன்றாம் வேற்றுமையாகத்தான் முதலில் காதில் விழுகிறது. வெயிலில் சுருண்டு இறந்தவர்களைப் பற்றிய செய்திக்கு அது பொருந்தும். படிப்பவரோ, இன்னும் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் வீங்கிப் புவியைச் சுடப்போவதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

சொல்லவந்தது நேர் எதிரானது. வெப்பம் பாய வெப்பநிலை வேறுபாடு வேண்டும். எங்கும் ஒரே வெப்பநிலை ஆகிவிட்டால் பாய்வு நிற்கும், எந்த எந்திரமும் ஓடாது. ஆற்றல் அழிவதில்லை, வேலைக்கு உதவாமல் போகிறது. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1852இல் எழுதியதிலிருந்து கிளைத்த கருத்து இது.

‘வெப்ப ஒடுக்கம்’ வேண்டாம். சைவ சித்தாந்தத்தில் ஒடுங்கியது மீண்டும் தோன்றும். இங்கே மீட்சி இல்லை. அச்சொல்லை, அண்டம் ஒடுங்கி மீண்டும் மீண்டும் தோன்றும் என்னும் சுழற்சி அண்டக் கொள்கைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘வெப்ப அவிவு’ம் சரிவராது. விளக்கு அவிந்தது என்பது வழக்கில் அருகிவிட்டது, அவிப்பது என்றால் வேகவைப்பதுதான்.

என் பரிந்துரை ‘வெப்ப ஓய்நிலை’. வினைத்தொகை என்பதால் ஓய்ந்த, ஓய்கின்ற, ஓயும் என மூன்று காலமும் அதில் அடங்கும். மெல்லத் தேய்ந்து வரும் நிகழ்வுக்கு அது இசைகிறது.

* * *

ஐயா, வணக்கம்.

‘சாவு’ கூடாது என்பதில் உடன்படுகிறேன். ‘ஓய்நிலை’ இடிக்கிறது. நியூட்டனின் முதல் விதியைப் படிக்கும் மாணவர் ‘ஓய்வு நிலை’ என்றால் இடம்பெயராமை என்று புரிந்துகொள்கிறார். இங்கே துகள்கள் அசைந்துகொண்டுதான் இருக்கும். அண்டம் இப்படியே முடுகி விரிந்தாலும் வெப்பநிலை முழுச் சுழியை, அதாவது 0 கெல்வினை, தொடாது. 10-இன் -30ஆம் அடுக்கு கெல்வின் அளவில் நின்றுவிடும். நிற்பது பாய்வு. அதையே பெயரில் வைத்து ‘வெப்பப் பாய்வறுதி’ எனலாமே? ‘பாய்வறுதிக்கு முன்’, ‘பாய்வற்ற அண்டம்’ என்று எளிதாகக் கிளைக்கும்.

விண்மீன்கள் அணைவதையும் சிலர் இப்பெயரால் குறிக்கிறார்கள், அது பிழை. புது விண்மீன்கள் பிறப்பது ஏறத்தாழ 10-இன் 14ஆம் அடுக்கு ஆண்டுகளில் நின்றுவிடும். அதன் பிறகும் கருந்துளைகள் இருக்கும். சூரிய நிறையுள்ள ஒன்றின் வெப்பநிலை 0.00000006 கெல்வின். அண்டமெங்கும் பரவியுள்ள பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை இன்று 2.725 கெல்வின் என்பதால் இப்போது அது வெப்பத்தை விழுங்குகிறது. பின்னணி அதைவிடக் குளிர்ந்த பிறகே நிகரமாக உமிழும், ஆவியாகித் தீர 10-இன் 67ஆம் அடுக்கு ஆண்டுகள் பிடிக்கும். மனித வழித்தோன்றல் எவரேனும் அன்று எஞ்சியிருந்து அதைச் சூழ்ந்து கதிர்வீச்சைத் திரட்டினால், கிடைக்கும் திறன் 10-இன் -28ஆம் அடுக்கு வாட்டுதான். ஆனாலும் வேறுபாடு உண்டு; எனவே அது பாய்வறுதி ஆகாது.

* * *

அம்மா, ஏற்கிறேன். ‘அறுதிப் பெரும்பான்மை’யில் முன்னே நிற்கும் அறுதி வேறு பொருள் தந்தாலும், ஈற்றில் நிற்கும்போது முடிவையே சுட்டுகிறது. தொகுப்பில் இப்படிப் பதியலாம்:

பாய்வறுதி (பெ.): வெப்பநிலை வேறுபாடுகள் யாவும் தீர்ந்து, வேலை செய்யப் பயன்படும் ஆற்றல் எஞ்சாத அண்ட நிலை. விண்மீன் அணைவைக் குறிக்காது.