பொனேர் தீவு: வழிகாட்டி இல்லாமல் கரையிலிருந்தே டைவ் செய்ய எங்களால் முடியுமா?

கடல்மொழி (கேள்வி):

வணக்கம். நானும் என் கணவரும் கரீபியனில் இருக்கும் பொனேர் தீவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். இருவரிடமும் டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழான ஓபன் வாட்டர் இருக்கிறது; 18 மீட்டர் வரை இறங்கலாம். இதுவரை நாங்கள் செய்த டைவ்கள் எல்லாம் படகிலிருந்து குதித்து, முன்னால் போகும் வழிகாட்டியின் கால் துடுப்பைப் பார்த்தபடியே பின்தொடர்ந்தவை. எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது கரைக்கு வருவது என்று நாங்களாக முடிவெடுக்க வேண்டிய நிலை வந்ததே இல்லை.

பொனேரில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, சிலிண்டர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடலுக்குள் நடந்தே போய்விடலாம் என்கிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீருக்கடியில் நாங்கள் இருவர் மட்டும் என்று நினைக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏற்றதா? எந்த இடத்தில் தொடங்குவது?

இன்னும் இரண்டு விஷயங்கள். என் மாமியாரும் உடன் வருகிறார். அவருக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் கடலுக்குள் இருக்கும் நேரத்தில் அவர் அறைக்குள் அடைந்து கிடப்பதை நான் விரும்பவில்லை. அடுத்து, அங்கே பவளங்களை ஏதோ ஒரு நோய் தாக்கியிருப்பதாகப் படித்தேன். அப்படிப்பட்ட இடத்துக்கு நாம் போவதே சரியா என்ற கேள்வி மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

---

உப்புக்காற்று:

பொனேரில் சில பருவங்கள் டைவ் வழிகாட்டியாக வேலை பார்த்தவன் நான். தைரியமாகப் போங்கள். உங்களைப் போன்றவர்கள் தாங்களாக முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள அந்தத் தீவைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. காரணத்தைச் சொன்னால் உங்கள் பயம் பாதி குறையும்.

அங்கே வணிகக் காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்துதான் வீசும். ஆகவே கிழக்குக் கரையில் அலை பாறைகளை அறைந்துகொண்டே இருக்கும். மேற்குக் கரை காற்றின் மறைவில் அமைதியாகக் கிடக்கும். தலைநகர் கிராலென்டைக் இருப்பது அந்த மேற்குப் பக்கத்தில். அதற்கு எதிரே, ஆள் குடியிருப்பு இல்லாத கிளைன் பொனேர் என்ற குட்டித் தீவு. பவளப்பாறையும் தொலைவில் இல்லை, கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. முதலில் மணலும் சிதறிய பவளமுமாக ஒரு ஆழமற்ற மேடை. சுமார் 10 மீட்டர் ஆழத்தில் அந்த மேடை முடிந்து சரிவு தொடங்கும். பெரும்பாலான இடங்களில் கடலடியின் அமைப்பு இதுதான்.

இதனால் வழி கண்டுபிடிப்பது எளிதாகிவிடுகிறது. சரிவின் விளிம்பு வரை போங்கள். அங்கே நின்று, விசிறிபோல் விரிந்த மென்பவளங்களான கடல் விசிறிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். நீரோட்டத்தின் திசை தெரிந்துவிடும். நீரோட்டத்தை எதிர்த்தே முதலில் போங்கள், சரிவு ஒரு தோள்பக்கம் இருக்கட்டும். சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கினால் 130 வந்ததும் திரும்பிவிடுங்கள். இப்போது சரிவு மறுதோளில் இருக்கும், நீரோட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். கிளம்பும் முன் விளிம்பில் ஓர் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: படகு கட்டும் மிதவையின் கான்கிரீட் கட்டையோ, வித்தியாசமான ஒரு பவளமோ. பதிக்கும்போது ஆழமானியில் அந்த இடத்தின் ஆழத்தையும் பாருங்கள். திரும்பும்போது அதே ஆழத்தில் வந்தால் அடையாளம் தானாகக் கண்ணில் படும்.

முதல் நாள் யாரும் நேராகக் கடலுக்குப் போக முடியாது. கடல் பூங்காவின் விதிகளை விளக்குவார்கள்; அதன்பின் ஒரு சோதனை டைவ் கட்டாயம். இதை ஒரு சடங்காக நினைத்து அவசரப்படாதீர்கள். எடைக்கட்டிகள் எத்தனை வேண்டும், மிதப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதுதான் நேரம். பூங்காவுக்கு இயற்கைக் கட்டணம் 40 டாலர். அந்தக் காலண்டர் ஆண்டு முழுவதும் செல்லும். இது தவிர, தீவுக்குள் நுழைய 75 டாலர் வரி. இரண்டையும் இணையத்திலேயே கட்டிவிடலாம். தீவு நெதர்லாந்தைச் சேர்ந்தது என்றாலும் 2011 முதல் அங்கே புழங்கும் பணம் அமெரிக்க டாலர். விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பொனேர், ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் வராது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று நெதர்லாந்துத் தூதரகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

டைவ் இடங்களைச் சாலையோரத்து மஞ்சள் கற்கள் காட்டும். பெயர் அதிலேயே எழுதியிருக்கும். வண்டியில் விலையுள்ள எதையும் வைக்க வேண்டாம். கதவைப் பூட்டவும் வேண்டாம், கண்ணாடியை இறக்கியே விடுங்கள். பூட்டிய வண்டியின் கண்ணாடியைத்தான் திருடர்கள் உடைப்பார்கள்.

நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை தண்ணீருக்கடியில் ஏற்பட்டவை அல்ல, கரையில் ஏற்பட்டவை. பல இடங்களில் கால் வைக்கும் தளம் உடைந்த பவளமும் கூர்மையான சுண்ணாம்புப் பாறையும்தான். தடித்த அடியுள்ள டைவ் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். கையைக் கோத்துக்கொண்டு மெல்ல நடங்கள், இடுப்பளவு தண்ணீர் வந்ததும் படுத்து மிதந்துகொண்டு துடுப்புகளை மாட்டுங்கள். ஒருவர் மாட்டும்போது மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்துக்கு நகருக்கு வடக்கே பாரி ரீஃப், விமான நிலையத்தை ஒட்டி விண்ட்சாக். இரண்டிலும் இறங்குவது சுலபம். பாரி ரீஃபில் 300-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே சுலபமான இடம் என்றால் சுவையற்ற இடம் என்று எண்ண வேண்டாம். கைப்பழக்கம் வந்தபின் வடக்கே 'ஆயிரம் படிகள்'. பெயரைக் கண்டு மலைக்காதீர்கள், நூறு படிகூட இல்லை. ஆனால் சிலிண்டரைச் சுமந்து ஏறி வரும்போது ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கால்களுக்குத் தெரியும். தெற்கு முனையில் வில்லெம்ஸ்டோரன் கலங்கரை விளக்கத்தின் அருகே நீரோட்டம் கடுமையாக இருக்கும். அங்கேயும் கிழக்குக் கரையிலும் நீங்கள் இருவராகத் தனியே இறங்கவே கூடாது.

ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். இயந்திரக் கோளாறோடு வந்து நின்ற சரக்குக் கப்பல் அது; சோதனையில் உள்ளே ஏராளமான கஞ்சா சிக்கியது. கேட்பாரற்று நின்று, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. இப்போது ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்து மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. உங்கள் 18 மீட்டர் எல்லை அதன் மேல்விளிம்போடு முடிந்துவிடும். ஆகவே இப்போது வேண்டாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை அந்தத் தீவிலேயே முடித்தால் பயிற்றுநரோடு போகலாம்.

கப்பலைவிட எனக்கு உயிர் உப்புத் துறைதான். தெற்கே உப்பு ஏற்றும் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் தூண்கள் முழுக்கப் பஞ்சுயிர்களும் பவளங்களும் ஆரஞ்சும் ஊதாவுமாக அப்பிக்கிடக்கும். மேலேயிருந்து வெயில் தூண்களுக்கு நடுவே கம்பிகளாக இறங்கும், அந்த நிழலுக்குள் மீன்கூட்டம் ஒரே உடலாகத் திரும்பும். ஆழமும் உங்கள் எல்லைக்குள்தான். கப்பல் நின்றால் அங்கே இறங்க அனுமதி இல்லை. போகும் முன் டைவ் கடையில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பொனேரில் கையுறை அணியத் தடை. காரணம் எளிது: கையுறை இருந்தால் கை தானாகப் பவளத்தைப் பிடிக்கும். அம்பெய்து மீன் பிடிப்பதை அந்தத் தீவு 1971-லேயே தடை செய்தது. 1979-ல் கடல் பூங்கா அமைந்தது. அலை ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம்வரை தீவைச் சுற்றிய கடல் முழுவதும் அதற்குள் வருகிறது. நங்கூரம் போடவும் அனுமதி இல்லை, படகுகள் மிதவையில்தான் கட்ட வேண்டும். காவலுக்கு ஆள் இல்லாமல் உங்களை அந்தக் கடலுக்குள் நடந்துபோக விடுகிறார்கள் என்றால், நீங்கள் எதையும் தொடமாட்டீர்கள் என்று நம்பித்தான் விடுகிறார்கள். ஆகவே போவதற்கு முன் நீச்சல் குளத்தில் மிதப்புக் கட்டுப்பாட்டைப் பழகுங்கள். ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானே வரும்.

---

வெயில்காலம்:

உங்கள் மாமியாரைப் பற்றி நான் சொல்கிறேன், சகோதரி. பிள்ளைகள் டைவ் செய்ய, கரையில் இருந்து தீவைப் பார்த்தவள் நான். எனக்கும் நீச்சல் தெரியாது.

தெற்குப் பக்கம் உப்பளங்களுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும், தூரத்தில் உப்பு வெள்ளைக் குன்றுகளாகக் குவிந்திருக்கும். ஃபிளமிங்கோக்களும் அந்தப் பக்கம்தான். அங்கேயே கடலோரத்தில் அடிமைக் குடிசைகள் இருக்கின்றன, 1850 வாக்கில் கட்டியவை. நிமிர்ந்து நுழைய முடியாது, தவழ்ந்தே போக வேண்டும். உப்பு வெட்டியவர்கள் வாரநாள்களில் இந்தக் கல்கூடுகளில் படுத்து, வார இறுதியில் பல மணி நேரம் நடந்து ரிங்கோன் கிராமத்திலிருந்த குடும்பத்திடம் போவார்களாம். நெதர்லாந்து தன் கரீபியக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது 1863-ல். அந்த வாசலில் குனிந்து உள்ளே பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நீலக் கடலைப் படம் எடுக்க வருகிறவர்கள் இதையும் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிழக்கே லாக் விரிகுடாவில் தண்ணீர் வெகுதூரம்வரை முழங்கால், இடுப்பு அளவுதான். பாய்ப்பலகை ஓட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு அவர் காலை நனைக்கலாம். வடக்கே கோட்டோ ஏரியை வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம். வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவின் பாதை கரடுமுரடானது. முதுகுவலி உள்ளவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள். காற்று ஓயாது, நாடாக் கட்டும் தொப்பி வாங்கிக் கொடுங்கள். இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், கழுதைகளும் ஆடுகளும் சாலைக்கு வந்துவிடும்.

---

கடல்மொழி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரிங்கோன் பற்றி அத்தையிடம் சொன்னேன். குடிசைகளைப் பார்த்துவிட்டு அந்தக் கிராமத்துக்கும் போக வேண்டும் என்கிறார். என் கணவருக்கு இரவு டைவ் ஆசை. நோய் பற்றி யாராவது விளக்க முடியுமா?

---

பவளத்தோட்டம்:

பவள மீட்புப் பணியில் தன்னார்வலராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். கற்பவளத் திசு இழப்பு நோய் பொனேரில் 2023-ல் கண்டறியப்பட்டது. முதன்முதலில் 2014-ல் ஃபுளோரிடாவில் தெரியவந்து, பிறகு கரீபியன் முழுவதும் பரவிய நோய் இது. மூளைப் பவளம், தூண் பவளம் போன்றவற்றைப் பிடித்தால் உயிருள்ள திசு உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரியும்; நூறாண்டுகளாக வளர்ந்த ஒரு பவளம் சில வாரங்களிலேயே செத்துவிடலாம். அதே 2023-ல் கடல் சூடேறி, பவளங்கள் நிறமிழந்து வெளிறவும் செய்தன. நீங்கள் போகும்போது இறந்த பவளங்களைப் பார்ப்பீர்கள். யாரும் உங்களிடம் அதை மறைக்கக் கூடாது.

ஆனாலும் போகலாம் என்பதே என் கருத்து. நீங்கள் கட்டும் இயற்கைக் கட்டணம்தான் பூங்காவை நடத்தும் ஸ்டினாபா அமைப்புக்கு முக்கிய வருவாய். மான்கொம்புப் பவளத்தையும் எல்க்கொம்புப் பவளத்தையும் இந்த நோய் தாக்குவதில்லை. 2012 முதல் ரீஃப் ரின்யூவல் அமைப்பினர் நீருக்கடியில் மரம்போன்ற சட்டகங்களில் வளர்த்து நடுபவை பெரும்பாலும் அவற்றைத்தான். ஓபன் வாட்டர் சான்றிதழ் உள்ளவர்களுக்கு அதில் பயிற்சி தருகிறார்கள். உங்கள் கையால் ஒரு கிளையைக் கட்டித் தொங்கவிடலாம். பவளத்தைத் தொட அங்கே உங்களுக்கு அனுமதி கிடைக்கும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: சொந்தக் கருவிகளைக் கொண்டுபோனால் முன்பே நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். அங்கே டைவ் கடைகளில் கிருமிநீக்கித் தொட்டி வைத்திருப்பார்கள், நாள்தோறும் அதில் முக்கியெடுங்கள். ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த வெயில் களிம்பைத் தவிர்த்து, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

---

உப்புக்காற்று:

இரவு டைவுக்குப் பகலில் நன்கு பழகிய இடத்தையே தேர்ந்தெடுங்கள், பாரி ரீஃப் போதும். ஆளுக்கு இரண்டு விளக்கு. பெரிய தார்ப்பன் மீன்கள் உங்கள் வெளிச்சத்தைப் பயன்படுத்தி வேட்டையாட வரும். தோளை உரசுவதுபோல் திடீரென்று ஒரு வெள்ளி உடல் கடந்துபோகும். அவற்றால் ஆபத்தில்லை, கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தூங்கும் மீனின்மேல் விளக்கை நிறுத்தி வைத்தால் தார்ப்பன் அதைப் பிடித்துவிடும், ஆகவே வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பயண நாளைத் தேர்வு செய்ய முடிந்தால் பௌர்ணமி கழிந்த சில இரவுகள் அதில் அடங்கட்டும். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் போல் கழிந்து, நிலா எழும் முன், விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற மிகச் சிறிய ஓட்டுயிரிகள் இணையைக் கவர நீலப் புள்ளிகளைச் சரம் சரமாகத் தண்ணீரில் விட்டுப்போகும். அந்த இரவுகளை நான் தவறவிட்டதே இல்லை.

விமானம் ஏறும் முன் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்; நான் முழு நாளே விடச் சொல்வேன். மாமியாரோடு உப்பளமும் ரிங்கோனும் போவதை அந்தக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில், டைவ் செய்தபின் வரும் அழுத்தநோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சை அடங்குகிறதா என்றும் பாருங்கள். அறை கிராலென்டைக்கிலேயே இருக்கிறது. வண்டியை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், நால்வர் அமரும் பிக்கப் வண்டிகள்தான் முதலில் தீரும்.