பதிவில் விடுபட்ட "எலிகளில்"

நான்: எல்லாரும் இதைப் பாருங்கள். ஆய்வாளர் சங்கத்தின் பக்கத்தில் காலையில் நான் போட்ட பதிவு. நம் பக்கத்தில் எதற்குமே இத்தனை பகிர்வு வந்ததில்லை.

நான்: (ஸ்கிரீன்ஷாட்) "மறதி நோய்க்கு விடிவு! இழந்த நினைவாற்றலை மீட்டுத் தரும் மருந்து. நம் சங்க உறுப்பினரின் சாதனை."

அப்பா: பொறுப்பு ஏற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரொம்ப மகிழ்ச்சி.

அத்தை: இப்போதுதான் பார்த்தேன். கை நடுங்குகிறது கண்ணா. இந்த மருந்து எப்போது கிடைக்கும்? அடுத்த வாரம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். இதைக் காட்டிக் கேட்கட்டுமா?

அத்தை: நேற்று என்னைப் பார்த்து "நீ யார்" என்று கேட்டுவிட்டார்கள். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

அக்கா: அத்தை, ஒரு நிமிடம். தம்பி, அந்த மருந்தை யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்?

நான்: எலிகளுக்கு.

அக்கா: பதிவில் அது எங்கே?

நான்: முதலில் எழுதியிருந்தேன். வரி நீளமாகிவிட்டது என்று எடுத்துவிட்டேன். கூட இருக்கும் ஸ்லைடு படத்தில் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது அக்கா.

அக்கா: அத்தை, இழந்த நினைவைத் திருப்பித் தரும் மருந்து மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை. இது எலிகளோடு நிற்கிறது. சொல்லவே வருத்தமாக இருக்கிறது. பாட்டி இப்போது சாப்பிடும் மாத்திரை எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அத்தை: சரிம்மா. சங்கமே போட்டிருக்கிறதே என்றுதான் நம்பினேன். வேறு யாராவது அனுப்பியிருந்தால் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

அக்கா: தம்பி, அத்தை எழுதியதை இன்னொரு முறை படி. அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்ட நாளெல்லாம் எனக்கு இருந்த பயம் இதுதான். உன் சொந்தப் பக்கத்தில் எழுதினால் அது உன் பேச்சு. சங்கத்தின் பெயரில் எழுதினால், எல்லா உறுப்பினர்களும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

நான்: ஆனால் முடிவு உண்மையானதுதானே அக்கா? எலிகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

அக்கா: இதே நோயில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1999இல் ஒரு தடுப்பூசி, எலிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதைத் தடுத்தது. அருமையான முடிவு. மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது, ஊசி போட்ட 298 பேரில் 18 பேருக்கு மூளை அழற்சி வந்தது. 2002இல் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டார்கள். எலிகளைப் பற்றிய ஆய்வு பொய்யில்லை. ஆனால் எலிக்கும் பாட்டிக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது. நீ வெட்டியது அந்தத் தூரத்தைச் சொல்லும் ஒரே சொல்லை.

அப்பா: 2010 ஞாபகம் வருகிறது. வேற்றுலக உயிர்த் தேடலையே பாதிக்கப் போகும் கண்டுபிடிப்பு என்று நாசா முன்கூட்டியே அறிவித்தது. நானும் விழித்திருந்து காத்திருந்தேன். கடைசியில் அது பூமியில் ஓர் ஏரியில் எடுத்த பாக்டீரியா. உயிர்களுக்கு அவசியமான பாஸ்பரசுக்குப் பதில், நஞ்சான ஆர்சனிக்கை வைத்து வளர்கிறது என்றார்கள்.

அக்கா: 2012இலேயே வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்துவிட்டார்கள் அப்பா. சயன்ஸ் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2025இல்தான்.

நான்: சரி, பதிவை இப்போதே அழித்துவிடுகிறேன்.

அக்கா: பொறு. சத்தமில்லாமல் அழித்தால், காலையில் பார்த்தவர்கள் அதை நம்பிக்கொண்டே இருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வகம் செய்ததைப் பார். 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னால் வந்ததாக ஓப்பரா என்ற ஆய்வுக் குழுவின் அளவீடு காட்டியது. செய்திக்குறிப்பின் தலைப்பிலேயே "முரண்பாடு" என்றுதான் போட்டார்கள், சாதனை என்று போடவில்லை. மற்றவர்களும் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். சரியாகச் செருகாத ஓர் ஒளியிழைக் கேபிளும் பிழைக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தக் குறிப்பை மறைக்காமல், திருத்தங்களைத் தேதி போட்டு அதிலேயே சேர்த்தார்கள்.

அக்கா: அப்புறம், அந்த ஸ்லைடு படம்? கூட்டத்தில் அந்த ஆய்வைப் பற்றிப் பேசியவரிடம் கேட்டுத்தான் போட்டாயா?

நான்: இல்லை. கூட்டத்தில் எல்லாரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

அக்கா: எடுப்பது வேறு, சங்கத்தின் பெயரில் வெளியிடுவது வேறு. இன்னும் இதழில் வராத தரவு அது. முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேசு.

(அரை மணி நேரம் கழித்து)

நான்: பேசினேன். அவருக்குக் காலையிலிருந்து நோயாளிகளின் வீட்டிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாம். கட்டுரை இன்னும் மதிப்பாய்வில் இருக்கிறது, படம் கண்டிப்பாகப் போக வேண்டும் என்றார். கோபப்படவில்லை, ஆனால் குரலே சரியில்லை.

அக்கா: அப்படியானால் பதிவை எடுத்துவிடு. ஏன் எடுத்தோம் என்று அதே பக்கத்தில் சொல்லிவிட்டு எடு. எழுதி இங்கே போடு, பார்க்கலாம்.

நான்: "காலைப் பதிவில் கூறிய மருந்து ஆரம்பகட்ட ஆய்வில் உள்ளது. தவறான புரிதல் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்."

அத்தை: கண்ணா, ஆரம்பகட்டம் என்றால் அடுத்த வருடமாவது வந்துவிடும் என்று நான் நினைப்பேன்.

அப்பா: "ஏற்பட்டிருந்தால்" வேண்டாம். படித்தவர் மேல் பழி போடுவது போல இருக்கிறது. தவறு நம்முடையது.

நான்: "இன்று காலை, நினைவாற்றலை மீட்டுத் தரும் மருந்து என்று ஒரு பதிவு போட்டோம். அது தவறு. அந்த ஆய்வு எலிகளில் மட்டும் நடந்தது. மனிதர்களிடம் சோதிக்கவில்லை. ஆய்விதழிலும் இன்னும் வெளிவரவில்லை. ஆய்வாளரின் ஸ்லைடை அவருடைய அனுமதி இல்லாமல் வெளியிட்டதும் எங்கள் பிழை. பழைய பதிவை நீக்குகிறோம். அதைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள். மருந்தை மாற்றவோ நிறுத்தவோ எண்ணுபவர்கள் உங்கள் மருத்துவரிடம் பேசாமல் எதையும் செய்யாதீர்கள்."

அத்தை: இது எனக்குப் புரிகிறது.

அக்கா: நன்றாக இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் காட்டிவிட்டுப் போடு. இனி எந்தப் பதிவானாலும் போடுவதற்கு முன் இன்னொருவர் படிக்கட்டும். துறைக்கு வெளியே இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் தன் வீட்டு நோயாளியை நினைத்துக்கொண்டு படிப்பார்.

(இரவு)

நான்: போட்டுவிட்டேன், பக்கத்தின் மேலே பின் செய்தும் வைத்துவிட்டேன். பழையதை நீக்குவதற்கு முன், மருந்து எங்கே கிடைக்கும் என்று கமெண்டில் கேட்டிருந்த 11 பேரின் பெயரைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுகிறேன். 7 பேருக்கு எழுதிவிட்டேன்.

அத்தை: மீதிப் பேருக்கும் பொறுமையாக எழுது கண்ணா. அவர்கள் வீட்டிலும் யாரோ இப்படித்தான் இருப்பார்கள்.