பிங்க் ஃப்ளாய்டில் எந்தப் பாட்டு முதலிடம்?

பாளையங்கோட்டையிலிருந்து:
அண்ணாச்சிமாரே, ரெண்டு வாரமாக பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டு மட்டும்தான் கேட்கிறேன். எனக்கு 1979இல் வந்த 'கம்ஃபர்டப்ளி நம்ப்'தான். குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மரின் இரண்டாவது கிட்டார் தனி வாசிப்பு வரும்போது கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுபோகிறது. உங்களுக்கு எது?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
தம்பி, 'எக்கோஸ்' கேட்டாயா? 1971, 'மெடில்' ஆல்பம். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டு, 23 நிமிடத்துக்கு மேல். தொடக்கத்தில் குழுவின் கீபோர்டுக்காரர் ரிக் ரைட்டின் பியானோ சுரம் சொட்டுச் சொட்டாக விழும், மழை ஓய்ந்த ராத்திரியில் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து கேட்டுப் பார், அப்புறம் பேசுவோம்.

தென்காசியிலிருந்து:
ரெண்டும் சரி, ஆனால் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' இல்லாமல் எப்படி? மனநிலை பாதிக்கப்பட்டுக் குழுவை விட்டு விலகிய சிட் பாரெட்டை நினைத்து எழுதியது. 1975இல் அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பத்தின் வேலை நடந்த ஸ்டுடியோவுக்கு அவரே வந்து நின்றிருக்கிறார், உடம்பு பருத்து, புருவம் மழித்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதைத் தெரிந்த பிறகு அந்த நாலு கிட்டார் சுரங்களைக் கேட்டாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:
இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இன்றைக்கு ராத்திரியே கேட்கிறேன். ஆனாலும் கில்மரின் அந்தத் தனி வாசிப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன்.