புதுப்பிப்பு: கன்னத்தில் கொழுப்பு வைத்து 6 மாதம்

எடை குறைந்ததில் கன்னம் ஒட்டிப்போனது, வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து அங்கே வைக்கப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? அதன் தொடர்ச்சி இது.

முதல் 2 வாரம் பொன்னுக்கு வீங்கி வந்தவள் மாதிரி இருந்தேன். பாதி வீக்கம், பாதி வேண்டுமென்றே கூடுதலாக வைத்தது. வைத்ததெல்லாம் தங்காது, புது இடத்தில் ரத்த ஓட்டம் கிடைத்த செல்கள் பிழைக்கும், மற்றவற்றை உடம்பே கரைத்துவிடும். அதனால்தான் ஒரே கட்டியாக வைக்காமல், மெல்லிய குழாயால் துளித்துளியாகப் பல அடுக்குகளில் வைக்கிறார்கள்.

3ஆம் மாதம் வரை வற்றிக்கொண்டே வந்தது. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் நின்றுவிட்டது. இடது கன்னம் ஒரு பொட்டு கம்மிதான், எனக்கு மட்டும் தெரிகிறது.

உண்மையில் படுத்தியது முகம் அல்ல, வயிறு. உறிஞ்சி எடுத்த இடம் கன்றிப்போய், சில வாரம் இறுக்கமான உடைக்குள். தும்மினால் உயிர் போயிற்று.

"திரும்ப மெலிந்தால்?" என்று கேட்டவருக்கு: வைத்த கொழுப்பும் சேர்ந்தே மெலியும். எடை ஒரு நிலைக்கு வந்தபின் செய்யுங்கள். இரண்டாம் சுற்றா? நான் போகவில்லை.