புதுப்பிப்பு: கடலோர ஊரில் கடைப் பலகை விதிகள்

சின்னக் கடலோர ஊர்களில் கடைக்கு வெளியே பெயர்ப்பலகை வைக்க ஏன் இத்தனை கெடுபிடி என்று முன்பு கேட்டிருந்தேன். ஊர் அழகுக்காகத்தான் என்று பலர் சொன்னீர்கள். விதிகளைப் படித்துப் பார்த்தேன். அழகு ஒரு காரணம்தான், அதைவிட முக்கியமானவை இருக்கின்றன.

முதலில் வெளிச்சம். கடலாமைக் குஞ்சுகள் இரவில் மணலைவிட்டு வெளியே வந்ததும் பிரகாசமான அடிவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல் பக்கம். கரையோரம் வெள்ளை விளக்குப் பலகை எரிந்தால் சாலைப் பக்கம் ஊர்ந்து போய், வெயிலில் காய்ந்தோ வண்டியில் நசுங்கியோ செத்துப்போகும். அதனால்தான் ஆமை முட்டையிடும் கரைகளில், கீழ்நோக்கி மறைத்த ஆம்பர் (செம்மஞ்சள்) நிற விளக்கு வைக்கச் சொல்கிறார்கள். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

அப்புறம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் பலகை மீது அழுத்தம் நான்கு மடங்காகும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு போல்ட் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேட்டு வாங்குங்கள்; அதிலுள்ள மாலிப்டினம் என்ற உலோகம் உப்பரிப்பை நன்றாகத் தாங்கும்.

நடைபாதை மடக்குப் பலகைக்குத் தடை என்றால் சரிதான், சக்கர நாற்காலி போக வழி வேண்டுமே.

விண்ணப்பிக்கும் முன் பலகையின் பரப்பளவை எப்படி அளக்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் தனித்தனி எழுத்தாகப் பதித்தாலும், பல ஊர்களில் எல்லாவற்றையும் சுற்றி ஒரே செவ்வகம் போட்டுத்தான் கணக்கிடுவார்கள்.